பார்ப்பதற்கும் கூலி உண்டு

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சரியாக ரேஸ் ஆகவில்லை, பிக்கப் இல்லை என்று காரை ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போகிறோம். பாகங்களை மாற்ற ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சில நூறு ரூபாய் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். இது தலைகீழ் வழக்கம். இதனால் முதலில் நஷ்டப்படுவது நாம். அடுத்து நஷ்டப்படுவது வேலை தெரிந்த மெக்கானிக்.

"டீச்சருக்கு எதற்கு இந்த ஒர்க் ஷாப் பேச்சு?" என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவள் நான். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார்கள். நம் உறவில் கார் இல்லாத வீடு குறைவு. இரண்டு பக்கமும் எனக்குப் பிள்ளைகள் இருப்பதால் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி மகனிடம் ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. வாங்கி ஒன்பது வருஷம். போன வருஷம் அதில் செக் எஞ்சின் லைட் அவ்வப்போது மினுக்கி மினுக்கி எரிந்திருக்கிறது. வண்டி லேசாக உதறியிருக்கிறது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, லைட்டை அணைத்து, நான்கு ஸ்பார்க் பிளக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மெதுவாக பிக்கப் குறைந்தது. மூவாயிரம் ஆர்.பி.எம்முக்கு மேல் முள் ஏறவே இல்லை. மேம்பாலத்தில் ஏற முடியவில்லை. நான்குவழிச் சாலையில் லாரியை முந்தப் போய்ப் பாதியில் இழுவை இல்லாமல் நின்றிருக்கிறான். பின்னால் பஸ். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதன் பிறகு வேறொரு இடத்துக்குப் போனான். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். சரியாகவில்லை. ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். சரியாகவில்லை. "மேலே ஏறவில்லை என்றால் பெட்ரோல் போதவில்லை, பம்ப்தான்" என்று பம்பையும் மாற்றினார்கள். அப்போதும் முள் அதே மூவாயிரத்தில் நின்றது. பிளக் 1,200, சுத்தம் செய்ய 900, சென்சார் 3,400, பம்ப் 8,500, கூலி 2,000. மொத்தம் 16,000 ரூபாய். இவ்வளவு செலவிலும் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று யாரும் ஒரு கேஜ் வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் என் பழைய மாணவன் ஒருவனுடைய ஷெட்டுக்குப் போகச் சொன்னேன். அவன் அரை நாள் பார்த்தான். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. கோளாறைச் சொன்னான். பார்த்த கூலி 800 ரூபாய் கேட்டான். தம்பி மகன் எனக்கு போன் செய்து, "அத்தை, ஒண்ணுமே மாத்தல, சும்மா பார்த்ததுக்கு எண்ணூறாம்" என்றான். பதினாறாயிரம் கொடுத்தபோது இந்தக் குரல் வரவில்லை. அந்தச் "சும்மா" என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த அரை நாளில் அவன் என்ன செய்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் பயன்படும்.

எட்டாம் வகுப்புப் பாடம் போலச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சின் வேகமெடுக்க ஐந்து விஷயம் வேண்டும். போதுமான காற்று உள்ளே வர வேண்டும். அதற்கேற்ற அளவு பெட்ரோல் வர வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும். சிலிண்டருக்குள் அமுக்கம் இருக்க வேண்டும். எரிந்த புகை தடையில்லாமல் வெளியே போக வேண்டும். இதில் எது குறைந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறாது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் இத்தனை காரணம் இருக்கும்போது, கேட்ட மாத்திரத்தில் "பம்ப்" என்று சொல்வது ஜோசியம்.

இப்போதைய கார்களில் இன்னொன்றும் உண்டு. பல வண்டிகளில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பி கிடையாது. மிதியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் நாம் எவ்வளவு மிதித்தோம் என்று தனித்தனியே கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டு பேச்சும் ஒத்துப்போகவில்லை என்றால், வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்ப்யூட்டரே வேகத்தைக் கட்டிப்போடும். இதை லிம்ப் மோட் என்பார்கள். அந்த நிலையில் உள்ள வண்டிக்கு ஆயிரம் பிளக் மாற்றினாலும் ஏறாது. பழுது ஒரு வயரில் இருக்கலாம். நம் ஊரில் அந்த வயரைக் கடிப்பது பெரும்பாலும் எலி.

என் மாணவன் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டிருக்கிறான். எப்போதிலிருந்து இப்படி? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? லைட் எரிந்ததா, நிலையாகவா மினுக்கியா? நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னான். சில புதிய வண்டிகளில் நியூட்ரலில் இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று கம்பெனியே கட்டுப்பாடு வைத்திருக்கும். அது கோளாறே இல்லை.

பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். பல நாள் நிறுத்தி வைத்த வண்டிகளில் அங்கே எலி தேங்காய் நாரையும் துணியையும் கொண்டு வந்து குடித்தனம் நடத்தியிருக்குமாம். இதில் இல்லை. பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. ஸ்கேனரில் மிதியின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தான். சரியாக இருந்தது. பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்தான். அதுவும் சரி.

மிச்சம் இருந்தவற்றில் அடுத்து எடுத்தது புகை போகும் வழி. சைலன்சர் குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் கொண்ட கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு. நச்சான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. அந்தத் தேன்கூடு உருகியோ உடைந்தோ அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மெதுவாக ஓடும்போது வரும் கொஞ்சப் புகை எப்படியோ கசிந்து போய்விடும். வேகமாக ஓடும்போது வரும் புகைக்கு வழி இருக்காது. அதனால்தான் முள் ஓரளவு ஏறி நிற்கும்.

முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினான். 2,500 ஆர்.பி.எம்மில் அங்கே பொதுவாக 3 பி.எஸ்.ஐ-க்குள் இருக்க வேண்டும். 9 காட்டியது. கேஜ் மாட்டும் முன், துளை திறந்திருந்தபோது, எஞ்சின் கொஞ்சம் எளிதாக ஏறியதாம். அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது.

பலர் இங்கே நிறுத்தியிருப்பார்கள். கன்வர்ட்டரை மாற்று, பில் போடு, வண்டியைக் கொடு. அவன் இன்னொரு கேள்வி கேட்டான்: அது ஏன் உருகியது? கன்வர்ட்டர் சும்மா உருகாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உருகும். எரியாத பெட்ரோல் போக வேண்டுமானால் ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் இருக்க வேண்டும். ஸ்கேனரில் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்ற குறியீடு இருந்தது. உடனே காயில் வாங்கி வரச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினான். மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் மாட்டினான். சூடேறும்வரை ஓட்டினான். இப்போது மிஸ்ஸிங் மூன்றாவது சிலிண்டருக்கு மாறியது. குற்றவாளி அந்தக் காயில். சூடேறினால் மட்டும் விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன மாறுகிறது என்று பார். உங்களுக்கு நான் இரண்டு தொட்டிச் செடிகளை வைத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் நிறுத்திக் காட்டிய அதே முறைதான் இது. நான்கு பாகத்தை ஒன்றாக மாற்றி வண்டி சரியானால், எதனால் சரியானது என்று மாற்றியவருக்கும் தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி நான்கையும் மாற்ற வேண்டியதுதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். அந்தக் காயிலின் விலை 2,100 ரூபாய். லைட் மினுக்கிய அன்றே அதைக் கண்டுபிடித்திருந்தால் கன்வர்ட்டர் பிழைத்திருக்கும். செக் எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மினுக்கினால், கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரைக் குறைத்து, பத்திரமான இடத்தில் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். சூடேறிய கன்வர்ட்டருக்குக் கீழே காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். இதை வண்டியோடு தரும் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை நாம் கவரோடு டேஷ்போர்டில் வைத்துவிடுகிறோம்.

ஸ்கேனரில் லைட்டை அணைப்பதைச் சிலர் ரிப்பேர் என்று நினைக்கிறார்கள். ரேங்க் கார்டில் சிவப்பு மையை அழித்துவிட்டால் பையன் பாஸ் ஆகிவிடுவானா? குறியீட்டை அழிக்கும்போது, கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததும் சேர்ந்து அழிந்துவிடும். சாட்சியை நாமே துரத்திவிடுகிறோம்.

ஸ்கேனர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதும் தப்பு. உதாரணமாக பி 0171 என்று ஒரு குறியீடு. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். எந்தப் பாகத்தை மாற்று என்று அது சொல்லவில்லை. எங்காவது குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழையலாம். பெட்ரோல் அழுத்தம் குறைந்திருக்கலாம். சென்சார் தப்பாக அளக்கலாம். எங்கே தேட வேண்டும் என்று ஸ்கேனர் தெருவைக் காட்டும். வீட்டைக் கண்டுபிடிப்பது மனிதன்.

அந்தக் காலத்து அம்பாஸடரிலும் முதல் மாருதி 800-இலும் கார்புரேட்டர் இருந்தது. அனுபவசாலி மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார். இன்று நிலைமை வேறு. நம் நாட்டில் 2010-இல் தொடங்கி 2013-க்குள் வண்டி தன் கோளாறைத் தானே கவனித்துக் குறித்து வைக்கும் ஏற்பாடு படிப்படியாகக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் வந்தன. வண்டிக்குள் சென்சார்கள் பெருகிவிட்டன. காதும் கையும் மட்டும் போதாது; ஸ்கேனர், கேஜ், வயரிங் படம், படிப்பு எல்லாம் வேண்டும். இவற்றுக்கு ஒரு மெக்கானிக் தன் கைக்காசைப் போடுகிறார். அந்தக் காசு எங்கிருந்து வர வேண்டும்?

இங்கேதான் நம் பக்கத்துத் தவறு. பார்த்ததற்குக் கூலி தர மாட்டோம் என்றால், அவர் அதை எதில் எடுப்பார்? பாகத்தில்தான். நல்லவராக இருந்தாலும் ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் அன்றைய சோறு. பாகம் விற்றால் வருமானம், யோசித்தால் நஷ்டம் என்று நாமே விதி எழுதி வைத்துவிட்டு, "ஒர்க் ஷாப்காரன் ஏமாற்றுகிறான்" என்று பேசுகிறோம். டாக்டர் நாடி பார்த்து, "ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள்" என்றாலும் ஃபீஸைக் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், 948-ஆம் குறளில், ஒரு வரிசை வைத்திருக்கிறார். கோளாறு எது, அதன் மூலம் எது, தீர்க்கும் வழி எது என்று மூன்றையும் ஆராய்ந்த பிறகுதான் செய்கை. உங்களில் பலருக்கு அது மனப்பாடம். மனப்பாடம் இருந்தால் போதாது, ஷெட்டிலும் வேண்டும். தமிழில் நாம் பழுது "பார்த்தல்" என்றுதானே சொல்கிறோம்? பார்ப்பதை வேலையாக மதித்த சொல் அது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மாற்றமும் தப்பில்லை. ஏர் ஃபில்டர், பிளக் போன்றவற்றுக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் தாண்டிவிட்டால் மாற்றத்தான் வேண்டும், அது பராமரிப்பு. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறில், நன்றாக இருக்கும் ஒரு பாகத்தை மாட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். "கண்டுபிடிக்கிறேன் என்று கூலி வாங்கிக்கொண்டு தப்பாகச் சொன்னால்?" என்ற கேள்வியும் நியாயமானது. அதனால் இரு தரப்புக்கும் சில வார்த்தை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக வண்டி எடுத்துப் போகும் என் மாணவிகளுக்கு:

1. பார்க்கும் கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலையை அங்கேயே செய்தால் அதைப் பில்லில் கழிப்பார்களா என்றும் கேளுங்கள்.

2. "எதை மாற்றணும்?" என்று கேட்காதீர்கள். "எதை அளந்து பார்த்தீர்கள், எவ்வளவு காட்டியது, எவ்வளவு காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். அளந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

3. லைட்டை அணைக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது எதனால் கெட்டது என்றும் கேளுங்கள்.

5. கன்வர்ட்டருக்குள் இருப்பதை உடைத்து எடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உங்கள் வண்டி ஓடும். அதன் நஞ்சு பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் மூச்சுக்குள் போகும்.

மெக்கானிக்காக இருக்கும் என் பிள்ளைகளுக்கு:

சோதனைக் கூலி இவ்வளவு என்று ஷெட் வாசலில் போர்டு எழுதி வையுங்கள். கூச்சப்படாதீர்கள். அளந்ததைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அப்போது கூலி வாங்காதீர்கள். நீங்கள் சொன்னது தப்பாகிப்போனால் திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்யும் கடைக்குத் தூரத்திலிருந்தும் வண்டி வரும். இன்னொன்று: சோதனைக்காக எஞ்சினை ஓடவிடும்போது ஷட்டரை மூடி வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுதுவதெல்லாம் தப்பாக இருந்தால் அதற்கும் பல காரணம் உண்டு. பாடம் புரியாமல் இருக்கலாம், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம், கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசி பெஞ்சில் "மக்கு" என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பெண்ணை முன்வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு வாரத்தில் எழுத்து மாறியது; பிறகு கண்ணாடி போட்டார்கள். இன்று அவள் நர்ஸ். அந்தப் பிள்ளைக்கு டியூஷன், அடி, வேறு பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எஞ்சினுக்காவது பாகம் கடையில் கிடைக்கும்.

உங்கள் ஊரில் அளந்து பார்த்து வேலை செய்யும் மெக்கானிக் இருந்தால் அவரை மதியுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மெக்கானிக் பிள்ளைகள் யாருக்காவது நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். டீச்சர் என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். வகுப்பிலும் அதை நான் விரும்பியதில்லை.

எல்லாரும் பத்திரமாக வண்டி ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்